பூட்டிக் கிடக்கும் ஆய்வுக் கட்டுரைகள்: குமரி மாவட்ட வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் குமரி மாவட்டத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆராய்ச்சி மாணவர்கள், ஆசிரியர்கள், நர்ஸ்கள், தென்னை விவசாயிகள், கடற்கரை ஊர்க்காரர்கள் என்று பலரும் வந்து கேட்பது ஏறக்குறைய ஒரே விஷயம்தான்: "கட்டுரையின் தலைப்பு தெரிகிறது, சுருக்கம் தெரிகிறது, உள்ளே போனால் காசு கேட்கிறது. என்ன செய்ய?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். என் நிலைப்பாட்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மக்கள் வரிப்பணத்தில் நடந்த ஆராய்ச்சியை மக்கள் காசில்லாமல் படிக்க முடிய வேண்டும். சட்டத்துக்கு உட்பட்டே அதற்கு நிறைய வழி இருக்கிறது. அந்த வழிகளில் முக்கியமானவை கட்டுரை எழுதுகிற நம்மூர் ஆசிரியர்கள் கையில்தான் இருக்கின்றன.

ஒரு கட்டுரைக்கு எவ்வளவு கேட்கிறார்கள்?

பெரிய பதிப்பகங்களில் சாதாரணமாக 30 முதல் 40 டாலர். நம் காசுக்கு 2,500 முதல் 3,500 ரூபாய் வரும். சில இடங்களில் அந்தப் பணத்துக்கும் ஒன்றிரண்டு நாள் படிக்கத்தான் அனுமதி. முனைவர் பட்ட மாணவர் ஒருவர் ஒரு அத்தியாயத்துக்கு ஐம்பது கட்டுரை பார்க்க வேண்டியிருந்தால் ஒன்றரை லட்சம் ஆகிவிடும். அதில் பத்துக் கட்டுரை படித்த பிறகுதான் தனக்குத் தேவையில்லை என்றே தெரியும்.

அந்தப் பணம் எழுதியவருக்குப் போகுமா?

ஒரு பைசா கூடப் போகாது. ஆராய்ச்சிக்கு அரசோ பல்கலைக்கழகமோ பணம் தருகிறது. எழுதுபவர் தன் சம்பளத்தில் இருந்துகொண்டு எழுதுகிறார். கட்டுரை சரியா தவறா என்று பார்த்துச் சொல்லும் சக மதிப்பாய்வாளர்களும் வேறு கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்கள்தான். அவர்களுக்கும் பெரும்பாலும் கூலி கிடையாது. எழுதியவர் பதிப்புரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார். அப்புறம் அதே கல்லூரியின் நூலகம் அதே கட்டுரையைப் படிக்கச் சந்தா கட்டுகிறது. தோட்டக்காரர் தேங்காயையும் கொடுத்து, உரிக்கிற கூலியையும் கொடுத்து, தன் வீட்டுச் சமையலுக்கு அதே தேங்காயைக் கடையில் விலைக்கு வாங்குகிற கணக்கு இது.

இப்படி ஒரு ஏற்பாடு எப்படி வந்தது?

முதலில் இப்படி இல்லை. லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழ் 1665-ல் தொடங்கியது. அதன்பின் நெடுங்காலம் ஆய்விதழ்களைப் பெரும்பாலும் அறிவியல் சங்கங்களே நடத்தின. லாபம் அவர்களுக்கு நோக்கமாக இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரசுகள் ஆராய்ச்சியில் பணத்தைக் கொட்டின, கட்டுரைகள் பெருகின. ராபர்ட் மேக்ஸ்வெல் என்பவர் பெர்கமான் என்ற பதிப்பகத்தை வைத்து நூற்றுக்கணக்கான இதழ்களைத் தொடங்கினார். இந்தத் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு இதழில் வந்த கட்டுரை வேறு இதழில் கிடைக்காது. ஆகவே விலை ஏறினாலும் நூலகம் மாற்றுக் கடைக்குப் போக முடியாது. 1991-ல் பெர்கமானை எல்சேவியர் என்ற பெரிய பதிப்பகம் வாங்கியது. இணையம் வந்தபின் இதழ்களைத் தனித்தனியாக விற்காமல் ஆயிரக்கணக்கில் மொத்தக் கட்டாக விற்கும் வழக்கம் வந்தது. வேண்டியது நாற்பது இதழாக இருந்தாலும் மொத்தக் கட்டுக்கும் பணம் கட்ட வேண்டும்.

எல்சேவியரின் தாய் நிறுவனமான ரெலெக்ஸ், தன் அறிவியல் மருத்துவப் பிரிவில் 2023-ல் 300 கோடி பவுண்டுக்கு மேல் வருமானம் பார்த்தது. அதில் லாபம் 38 சதவீதம் அளவு. முக்கால்வாசி உழைப்பு இலவசமாக வருகிற தொழிலில் அந்த அளவு லாபம் நிற்பதில் ஆச்சரியம் இல்லை.

பதிப்பகங்கள் ஒன்றுமே செய்வதில்லை என்கிறீர்களா?

அப்படிச் சொன்னால் அது நியாயம் இல்லை. மதிப்பாய்வாளர்களைத் தேடி ஒருங்கிணைப்பது, மொழி திருத்துவது, பக்கம் அமைப்பது, டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிரந்தர அடையாள எண்) கொடுப்பது, தவறு கண்டுபிடிக்கப்பட்டால் கட்டுரையைத் திரும்பப் பெறுவது, பல பத்தாண்டுக்குக் கோப்புகளைப் பாதுகாப்பது என எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. நல்ல இதழ் ஆசிரியர் குழு ஒரு கட்டுரையை எவ்வளவு மேம்படுத்தும் என்பதைப் பார்த்திருக்கிறேன். செலவுக்குப் பணம் வேண்டும் என்பதில் எனக்குத் தகராறு இல்லை. அதைப் படிக்கிறவர் தலையில் கட்டி, கட்ட முடியாதவரை வெளியே நிறுத்துவதில்தான் தகராறு.

நாகர்கோவிலில் இருக்கிற எனக்கு இதெல்லாம் எதற்கு? நான் விஞ்ஞானி இல்லையே?

இந்தக் கேள்விக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

மணவாளக்குறிச்சி, சின்னவிளை, மிடாலம் பக்கத்துக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் கதிர்வீச்சு தரும் தோரியம் இருக்கிறது. இயற்கைக் கதிர்வீச்சு அதிகமான பகுதி என்று உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரிந்த கடற்கரை இது. இந்த மணலை அள்ளி, அளந்து, வீட்டுக்குள் மீட்டர் வைத்து, எத்தனையோ கட்டுரைகள் எழுதப்பட்டிருக்கின்றன. கிள்ளியூர் பக்கத்துக் கனிம மணல் திட்டத்துக்கு 2024-ல் எதிர்ப்பு எழுந்தபோது, "புற்றுநோய் வருமா, வராதா, யார் ஆராய்ந்தார்கள்?" என்று ஊர் ஊராகப் பேச்சு நடந்தது. அந்தப் பேச்சில் மேடையில் சொன்னதும் வாட்ஸ்அப்பில் வந்ததும்தான் மக்கள் கையில் இருந்தன. கட்டுரைகளில் பல பூட்டுக்குள் இருந்தன.

எடுத்துக்காட்டுக்கு ஒன்று சொல்கிறேன். நம் கடற்கரையைப் போலவே மோனசைட் மணல் உள்ள கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியில் நடந்த பெரிய ஆய்வு, ஹெல்த் பிசிக்ஸ் என்ற இதழில் 2009 ஜனவரியில் வெளிவந்தது. 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டு பின்தொடர்ந்து, இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்ற முடிவுக்கு வந்தது. சுருக்கத்தை யார் வேண்டுமானாலும் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில் படிக்கலாம். ஆனால் மிடாலத்துக்காரருக்குச் சுருக்கம் போதாது. அவர் கேட்பது வேறு: வீட்டுக்குள் எப்படி அளந்தார்கள்? மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவர்களை எப்படிக் கணக்கில் எடுத்தார்கள்? பத்தரை ஆண்டு போதுமா? அதற்கெல்லாம் பதில் முழுக் கட்டுரையின் அட்டவணைகளிலும் செய்முறைப் பகுதியிலும்தான் இருக்கும். ஆய்வின் முடிவை நம்புவதற்கும் முழுக் கட்டுரை வேண்டும், சந்தேகப்படுவதற்கும் அதே முழுக் கட்டுரைதான் வேண்டும்.

இன்னொன்று லைபீரியாவில் நடந்தது. 2014-ல் அங்கே எபோலா பரவியபோது, அந்த நாட்டில் எபோலா இருக்கும் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை என்று பேசப்பட்டது. பிறகு தேடிப் பார்த்தால், அங்கிருந்து எடுத்த ரத்த மாதிரிகளை ஆராய்ந்த ஐரோப்பிய விஞ்ஞானிகள் 1982-லேயே எச்சரிக்கை எழுதியிருந்தார்கள். லைபீரிய மருத்துவ அதிகாரிகள் 2015-ல் இதைப் பொதுவெளியில் எழுதினார்கள். அப்படிப்பட்ட ஒரு கட்டுரையை இறக்க 45 டாலர், அது அங்கே ஒரு டாக்டரின் பாதி வாரச் சம்பளம் என்பதையும் சொன்னார்கள். விலை மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ரத்தம் கொடுத்த ஊருக்கே ரத்தத்தில் என்ன இருந்தது என்று தெரியாமல் போனது. பேச்சிப்பாறைப் பக்கத்துக் காணி மக்களிடம் மூலிகை கேட்டு எழுதுகிறவர்களும், துறைமுகத்தில் மீனவரிடம் கேள்வித்தாள் நீட்டுகிறவர்களும் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். கட்டுரை வெளிவந்ததும் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் எழுதி அந்த ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது பெரிய வேலை அல்ல.

"ஒரே நாடு ஒரே சந்தா" வந்துவிட்டதே, பிரச்சினை தீரவில்லையா?

பாதி தீர்ந்தது. அரசு நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மத்திய அரசே இதழ்களுக்குச் சந்தா கட்டுகிற திட்டம் இது. மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் கொடுத்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், 13,000 இதழ்கள் அளவில், 6,300-க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்கள், 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும். யுஜிசியின் நூலக வலையமைப்பு மையமான இன்ஃபிலிப்நெட் ஒருங்கிணைக்கிறது.

நம் மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி, கோணத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி போன்றவை அரசு நிறுவனங்கள். அங்கே படிப்பவர்கள் தங்கள் நூலகத்தில் இன்ஃபெட் கணக்கு கேட்டு வாங்குங்கள். அந்தக் கணக்கு இருந்தால் வீட்டிலிருந்தே உள்ளே போகலாம். கணக்கு திறக்காமலேயே "எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை" என்கிற மாணவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

ஆனால் இது அரசு நிறுவனங்களுக்கான திட்டம். குமரி மாவட்டத்தில் உயர்கல்வியில் பெரும்பகுதியைத் தாங்கி நிற்பது தனியார் கல்லூரிகளும் உதவி பெறும் கல்லூரிகளும்தான். தனியார் கல்லூரிகள் இதில் இல்லை. உதவி பெறும் கல்லூரியில் இருப்பவர்கள் கல்லூரிகளுக்கு மின்னிதழ்கள் தரும் இன்ஃபிலிப்நெட்டின் என்-லிஸ்ட் திட்டத்தில் தங்கள் கல்லூரி இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். வேலை தேடிக்கொண்டிருக்கும் பட்டதாரி, ஓய்வு பெற்ற ஆசிரியர், கிளினிக் வைத்திருக்கும் டாக்டர், மீனவர் சங்கம், பத்திரிகை நிருபர் இவர்கள் யாருக்கும் எந்தச் சந்தாவும் இல்லை. அப்புறம், சந்தா என்பது வாடகை மாதிரி ஆண்டுதோறும் கட்ட வேண்டியது. கட்டுவதை நிறுத்தினால் கதவு திரும்பவும் மூடும்.

சரி, கட்டுரை பூட்டியிருக்கிறது. இப்போதே என்ன செய்யலாம்?

கட்டுரையின் முழுத் தலைப்பையும் மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுள் ஸ்காலரில் தேடுங்கள். வலப்பக்கம் பிடிஎஃப் என்று ஒரு இணைப்பு இருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் அந்த முடிவின் அடியில் "ஆல் வெர்ஷன்ஸ்" என்று சின்னதாக ஒன்று இருக்கும். பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை. அதைத் தொட்டால் அதே கட்டுரை வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று வரிசையாக வரும். எழுதியவரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் (கட்டுரைகளைச் சேர்த்து வைக்கும் இணையத் தளத்தில்) ஒரு படி இருக்கும், அல்லது அவருடைய சொந்தப் பக்கத்தில் இருக்கும்.

கணினியில் படிப்பவர்கள் குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ அன்பேவால் என்ற இலவச நீட்டிப்பை நிறுவிக்கொள்ளுங்கள். பதிப்பகத்தின் பக்கத்தைத் திறந்ததும் ஓரத்தில் ஒரு பூட்டுப் படம் வரும். பச்சையாகத் திறந்திருந்தால் சட்டப்படி இலவசமாக ஒரு படி எங்கோ இருக்கிறது என்று அர்த்தம், தொட்டால் நேரே கொண்டுபோகும். சாம்பல் நிறமாக இருந்தால் அதற்குக் கிடைக்கவில்லை. போனில் தேடுபவர்கள் கோர் என்ற தளத்தில் தலைப்பைப் போடலாம். உலகெங்கும் உள்ள களஞ்சியங்களை ஒன்றாகத் தேடித் தரும்.

மருத்துவம் என்றால் பப்மெட். அதில் "ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்" என்ற வடிகட்டியைத் தட்டிவிட்டால் இலவசமாக உள்ளவை மட்டும் வரும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச் பணம் கொடுத்த ஆராய்ச்சி என்றால், 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்படும் கட்டுரைகள் வெளியான அன்றே பப்மெட் சென்ட்ரலில் இலவசமாக இருக்க வேண்டும் என்பது விதி. முன்பு ஒரு வருடம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வரலாறு, சமூகவியல், இலக்கியம் படிப்பவர்கள் ஜேஸ்டோரில் சொந்தமாக இலவசக் கணக்கு திறந்தால் மாதம் 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம். இறக்கி வைக்க முடியாது, படிக்க முடியும்.

முனைவர் பட்ட ஆய்வேடுகள் எங்கே கிடைக்கும்?

சோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் முழுமையாக, இலவசமாக. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக ஆய்வேடுகளும் அதில் உண்டு. பூட்டிய கட்டுரையை எழுதியவர் இந்தியாவில் பட்டம் வாங்கியவர் என்றால், அதே விஷயத்தை இன்னும் விரிவாகத் தன் ஆய்வேட்டில் எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். அவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் ஏதாவது உண்டா?

உண்டு, மற்ற துறைகளை விட நன்றாகவே உண்டு. கொச்சியில் தலைமையிடம் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தன் வெளியீடுகளை ஈபிரிண்ட்ஸ் என்ற திறந்த களஞ்சியத்தில் வைத்திருக்கிறது. குளச்சல், கன்னியாகுமரி, தூத்தூர் என்று ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் போட்டாலே பழைய அறிக்கைகள் வரும். எந்த ஆண்டில் என்ன மீன் எவ்வளவு பிடிபட்டது, எந்த வலை எப்போது வந்தது என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. சுறா பிடிக்க ஆழ்கடல் போகிற தூத்தூர் பக்கத்து இளைஞர்கள் தங்கள் தாத்தா காலத்துத் தொழிலைப் பற்றி அங்கே படிக்கலாம்.

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2013-லேயே திறந்த அணுக்கக் கொள்கையை, அதாவது யாரும் காசில்லாமல் படிக்க விடும் கொள்கையை, அறிவித்தது. வேளாண் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் கிருஷிகோஷ் தளத்தில் இருக்கின்றன. திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டிபிஎஸ் நெல் ரகங்கள் பற்றித் தேடிப் பாருங்கள். ஈத்தாமொழிப் பக்கத்து விவசாயிகள் தென்னை வேர் வாடல் நோய் பற்றிக் கேட்கிறார்கள். அது ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வருவது, கண்ணாடி இறக்கைப் பூச்சி போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகள் பரப்புவது. காசர்கோட்டில் தலைமையிடமும் காயங்குளத்தில் மண்டல நிலையமும் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் இதைப் பல காலமாக ஆராய்கிறது. அதன் வெளியீடுகளில் தொடங்குங்கள். உரக்கடையில் சொல்லும் மருந்துக்குப் பணம் கொடுக்கும் முன் அதைப் படித்துவிடுவது நல்லது.

உள்ளூர் வரலாறு, கல்வெட்டு?

நல்ல செய்தி, முக்கியமான பழைய நூல்கள் பொதுவுடைமை ஆகிவிட்டன. இந்தியாவில் எழுதியவர் இறந்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு கழிந்தால் பதிப்புரிமை முடிந்துவிடும். தேரூர்க் கவிமணி 1954-ல் மறைந்தார். எனவே அவர் எழுத்துக்கள், காந்தளூர்ச் சாலை ஆராய்ச்சி உட்பட, 2015 முதல் யாரும் வெளியிடக் கூடியவை. டி. ஏ. கோபிநாத ராவ் தொடங்கிய திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையை இன்டர்நெட் ஆர்கைவில் முழுதாக இறக்கலாம். முஞ்சிறை அருகே பார்த்திபசேகரபுரம் சாலை என்ற பழைய கல்விக்கூடத்தைப் பற்றிய ஆய் மன்னன் கருநந்தடக்கனின் செப்பேடு அதன் முதல் தொகுதியில் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகமும், 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வளர்த்த மதுரைத் திட்டமும் எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாதவர்கள் இன்றே பாருங்கள்.

சை-ஹப் பயன்படுத்தலாமா?

நூலகத்தில் நான் அதைத் திறந்து காட்டுவதில்லை. கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் 2011-ல் தொடங்கிய தளம் அது. பதிப்பகங்களின் அனுமதி இல்லாமல் கோடிக்கணக்கான கட்டுரைகளைத் தருகிறது. எல்சேவியர், வைலி, அமெரிக்க வேதியியல் சங்கம் மூன்றும் 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் அதை இந்தியாவில் முடக்க உத்தரவிட்டது. அதே பெயரில் போலித் தளங்களும் சுற்றுகின்றன, அவற்றில் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடாதீர்கள்.

இவ்வளவு பேர் அங்கே போனதற்குக் காரணம் பேராசை அல்ல. படிக்க வேண்டியதைப் படிக்க வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை, அல்லது வழி இல்லை. மேலே சொன்ன வழிகளை முதலில் முயன்றவர்களுக்கு அந்தத் தேவை வெகுவாகக் குறைகிறது என்பது என் அனுபவம்.

பாடத்துக்காக ஜெராக்ஸ் எடுத்தால் குற்றமா?

இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் மூன்றும் 2012-ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை மீது வழக்குப் போட்டன. 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம், கற்பித்தலின் பகுதியாக எடுக்கும் நகல் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் அனுமதிக்கப்பட்டது என்று சொன்னது. சொந்த ஆய்வுக்காக நியாயமான அளவில் நகல் எடுப்பதும் அதே பிரிவில் வருகிறது. முழுப் புத்தகத்தையும் அச்சடித்து விற்பது வேறு விஷயம்.

நான் ஆசிரியர். என் கட்டுரையை நானே இலவசமாக வெளியில் வைக்கலாமா?

வைக்கலாம். தயவுசெய்து வையுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு கட்டுரைக்கு மூன்று நிலை உண்டு. இதழுக்கு அனுப்பும் முன் உள்ளது ப்ரீபிரிண்ட். மதிப்பாய்வாளர் சொன்னபடி திருத்தி, இதழ் ஏற்றுக்கொண்ட உங்கள் வேர்டு கோப்பு இரண்டாவது, அதை ஏற்கப்பட்ட படி என்போம். பதிப்பகம் பக்கம் அமைத்து, சின்னம் போட்டு வெளியிடும் பிடிஎஃப் மூன்றாவது. பதிப்பகம் பூட்டி வைப்பது மூன்றாவதை. முதல் இரண்டையும் நீங்கள் வெளியில் வைக்கப் பெரும்பாலான பதிப்பகங்கள் ஒப்பந்தத்திலேயே அனுமதிக்கின்றன. ப்ரீபிரிண்டைப் பெரும்பாலும் எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம். ஏற்கப்பட்ட படியைச் சொந்தப் பக்கத்தில் உடனே வைக்கப் பலர் விடுகிறார்கள். கல்லூரிக் களஞ்சியத்தில் வைக்க 6 முதல் 24 மாதம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். உங்கள் இதழின் விதி என்ன என்று ஓப்பன் பாலிசி ஃபைண்டர் என்ற இலவசத் தளத்தில் இதழின் பெயரைப் போட்டால் வரும். முன்பு ஷெர்பா ரோமியோ என்ற பெயரில் இருந்தது அதுதான்.

எங்கே வைப்பது? இயற்பியல், கணிதம், கணினி என்றால் ஆர்கைவ் (arXiv) என்ற தளம், மேலே சொன்ன இன்டர்நெட் ஆர்கைவ் வேறு. பால் கின்ஸ்பார்க் 1991-ல் தொடங்கியது. அந்தத் துறைகளில் யாரும் இப்போது காசு கேட்கும் பூட்டைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்வதில்லை, காரணம் முப்பது வருடமாக எல்லோரும் அங்கே போட்டு வைக்கிறார்கள். மற்ற துறைகளுக்கு ஐரோப்பாவின் செர்ன் ஆராய்ச்சி மையம் நடத்தும் செனோடோ இருக்கிறது. காசு கிடையாது, டிஓஐயும் தருவார்கள். கல்லூரிக்கே சொந்தமாகக் களஞ்சியம் வேண்டும் என்றால் டிஸ்பேஸ் மென்பொருள் இலவசம்.

நடைமுறையில் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. "சார், ஏற்கப்பட்ட படி என்கிட்ட இல்லையே, பதிப்பகத்து பிடிஎஃப்தான் இருக்கு" என்பார்கள். ஆறு முறை திருத்தியதில் கடைசி எது என்று தெரியாமல் போயிருக்கும், அல்லது வழிகாட்டியின் பழைய மடிக்கணினியோடு போயிருக்கும். ஏற்றுக்கொண்டோம் என்று மெயில் வந்த அன்றே அந்தக் கோப்பைத் தனியாக எடுத்து, இதழ் பெயரும் தேதியும் கோப்பின் பெயரில் சேர்த்து, உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் வேலை.

உயிரித் தொழில்நுட்பத் துறை, அறிவியல் தொழில்நுட்பத் துறை இரண்டும் 2014 டிசம்பரிலேயே, தங்கள் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் கட்டுரைகளைக் களஞ்சியத்தில் வைக்கச் சொல்லிக் கொள்கை வெளியிட்டன. அந்தத் துறைகளின் பணம் வாங்கியவர்களுக்கு இது கடமையும் ஆகும்.

இலவச இதழ் என்றால் எழுதுபவர் காசு கட்ட வேண்டுமாமே?

சிலவற்றில் ஆமாம், அது பெரிய கொடுமை. நேச்சர் இதழ் 2020-ல் ஒரு கட்டுரையைத் திறந்து வைக்க 9,500 யூரோ என்று அறிவித்தது. அப்போதைய கணக்கில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். வாசலில் இருந்த பூட்டைக் கழற்றிப் பின்வாசலில் மாட்டியதற்குப் பெயர் தீர்வு அல்ல. 2001 டிசம்பரில் புடாபெஸ்டில் கூடி, 2002-ல் திறந்த அணுக்கத்துக்கான அறிக்கை வெளியிட்டவர்கள் எதிர்பார்த்தது இதை அல்ல.

ஆனால் எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் காசு வாங்காத இதழ்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. டிஓஏஜே என்ற இலவச இதழ்களின் பட்டியலில் கட்டணம் இல்லாதவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். சங்கங்களும் பல்கலைக்கழகங்களும் நடத்துபவை. நம் கல்லூரிகள் நடத்தும் இதழ்களை ஒழுங்காக, நேரத்துக்கு, உண்மையான மதிப்பாய்வோடு கொண்டுவந்து அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை.

வாட்ஸ்அப்பில் "ஒரு வாரத்தில் பிரசுரம்" என்று வருகிறதே?

போகாதீர்கள். ஒரே இதழில் தமிழும் நர்சிங்கும் சிவில் இன்ஜினியரிங்கும் வரும். ஜிபேயில் 1,500 ரூபாய் அனுப்பினால் சான்றிதழ் பிடிஎஃப் வரும். இதழின் மதிப்பைக் காட்டுவதாக, யாரும் கேள்விப்படாத ஒரு தாக்க எண் போட்டிருக்கும். மதிப்பாய்வு என்று ஒரு வரி கூடத் திரும்பி வராது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்பதை யுஜிசி 2022 விதிகளில் எடுத்துவிட்டது. இதழ்ப் பட்டியலான யுஜிசி-கேர் முறையையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டது. ஆகவே "கேர் லிஸ்டில் இருக்கு" என்ற விளம்பரத்துக்கு இப்போது பொருள் இல்லை. உங்கள் பல்கலைக்கழக விதி என்ன கேட்கிறது என்று வழிகாட்டியிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். நல்ல ஆராய்ச்சியை அப்படிப்பட்ட இடத்தில் போட்டால் அதை யாரும் எடுத்துப் படிக்க மாட்டார்கள், திரும்ப வேறு இதழில் போடவும் முடியாது.

எழுதியவருக்கே மெயில் போட்டுக் கேட்கலாமா? கோபப்பட மாட்டாரா?

தாராளமாகக் கேட்கலாம். தன் கட்டுரையை ஒருவர் தேடி வந்து படிக்கிறார் என்பதில் பெரும்பாலானவர்களுக்குச் சந்தோஷம்தான். தனிப்பட்ட முறையில் ஒரு படி அனுப்புவதைப் பெரும்பாலான பதிப்பகங்கள் தடுப்பதும் இல்லை. கட்டுரைப் பக்கத்தில் எழுதியவர் பெயர்களில் ஒன்றின் மேல் சின்னக் கடித உறைப் படம் இருக்கும், அவர்தான் தொடர்புக்குரியவர். அதைத் தொட்டால் முகவரி வரும்.

நாலு வரி போதும். முதல் வரியில் நீங்கள் யார், எந்த ஊர். இரண்டாவதில் கட்டுரையின் முழுத் தலைப்பும் ஆண்டும். மூன்றாவதில் எதற்குத் தேவை: "ஆசாரிப்பள்ளத்தில் நர்சாக இருக்கிறேன், எங்கள் வார்டில் படுக்கைப் புண் தடுப்பு பற்றிப் பேச இருக்கிறேன், உங்கள் அட்டவணை வேண்டும்" என்பது மாதிரி. நாலாவதில் எங்கள் நூலகத்தில் சந்தா இல்லை, பிடிஎஃப் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். ஆங்கிலம் சரியாக வராதோ என்று தயங்க வேண்டாம், இலக்கணப் பிழை பார்த்து யாரும் மறுப்பதில்லை. தமிழ்நாட்டிலோ கேரளத்திலோ இருப்பவர் என்றால் போனிலேயே கூடக் கிடைப்பார்.

பதில் வரவில்லை என்றால்?

இரண்டு வாரம் பொறுத்து, அதே மெயிலை இன்னொரு முறை அனுப்புங்கள். அப்புறம், கட்டுரையைச் சேர்ந்து எழுதியவர்களின் பட்டியலில் முதலில் உள்ள பெயரைப் பிடியுங்கள். பெரும்பாலும் அவர்தான் மாணவராக இருந்து வேலை முழுக்கச் செய்தவர், இப்போது வேறு ஊரில் வேலையில் இருப்பார், இப்போது எங்கே இருக்கிறார் என்பது கூகுள் ஸ்காலரில் தெரியலாம். ரிசர்ச்கேட்டில் "ரிக்வெஸ்ட் ஃபுல் டெக்ஸ்ட்" பொத்தானும் இருக்கிறது. எதுவும் நடக்காவிட்டால் கட்டுரையின் தலைப்பையும் டிஓஐயையும் தாளில் எழுதி உங்கள் கல்லூரி நூலகரிடம் கொடுங்கள். வேறு நூலகங்களில் இருப்பவர்களிடம் நாங்கள் கேட்டுப் பார்ப்போம்.